காங்கிரீட்டுக்குக் குல்லா

வா மாப்ளே, உக்காரு. பொள்ளாச்சி ரோட்டுல எடம் வாங்கி, விக்டோரியா ராணி காலத்து மாடல்ல ஊடு கட்டப் போறயாமா? நெம்பச் சந்தோசம். கோயமுத்தூர்க்காரங்க அந்த மகராசி பேர்ல 1892-லயே டவுன்ஹாலைக் கட்டி நிறுத்திப் போட்டாங்க. அதுல ஏதாச்சு கொறை வெச்சிருந்தா நீ முடிச்சு வெய்யி.

உன்ற பிளானைப் பார்த்தேன். சாய்வா காங்கிரீட் போட்டு, அதுக்கு மேல செவப்பு ஓட்டைச் சிமெண்டு வெச்சு ஒட்டறாங்க. அருமை! மழையைக் காங்கிரீட் தாங்கிக்கும், வெயிலையும் அதே தாங்கிக்கும். ஓடு? அது போட்டோ புடிக்கறதுக்கு. மொட்டைத் தலைக்குக் குல்லா போட்ட மாதிரி நல்லாத்தான் இருக்கும்.

ஆனா ஒண்ணு, அந்த ராணி ஊர்ல பாதிப் பேரு இந்த ஓட்டையே போடலை. வேல்ஸ் மலையில பலகை பலகையாப் பொளந்த சிலேட்டுக் கல்லைத்தான் ரயில்ல ஏத்திக் கொண்டாந்து மேஞ்சாங்க. மோட்டு மேல சுட்ட மண்ணுல பூவேலை, நடையில மின்டன் கம்பெனிச் சித்திர ஓடுன்னு சிங்காரிச்சாங்க. அதைக் கொண்டாந்து இங்க ஒட்டச் சொல்லி உன்ற இஞ்சினியருக்கு நாஞ் சொன்னதா சொல்லிப் போடாதே, செஞ்சாலும் செஞ்சு போடுவாரு.

நம்ம பக்கம் வந்த சீமை ஓடு வேற வழியில வந்தது. பிரான்சுல கிலார்டோனி அண்ணந்தம்பிங்க 1841-ல, ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிக்கற ஓட்டை உண்டாக்குனாங்க. கிறிஸ்தவ வேதத்துல சேர்ந்ததால சாதிசனம் ஒதுக்கி வெச்சவங்களுக்குப் பொழப்பு வேணும்னு, பாசல் மிஷன் பாதிரிங்க 1865-ல மங்களூர் ஜெப்புல அந்த மாதிரி ஓட்டைச் சுடச் சூளை வெச்சாங்க. முன்ன நின்னவரு பிளெப்ஸ்ட்ங்கற ஜெர்மன்காரரு. பொறகு கோழிக்கோடு, பாலக்காட்டுலயும் ஆலை வந்துச்சு. போத்தனூருக்கு 1862-லயே ரயில் வந்தாச்சு, அப்புறம் கேக்கணுமா? மொத உலகச் சண்டையில, எதிரி சொத்துன்னு வெள்ளைக்காரன் ஆலைகளைப் புடுங்கி, பொறகு காமன்வெல்த் டிரஸ்டுக்குக் குடுத்துட்டான்.

பழைய ஓட்டு முதுகுல 1865, 1868-னு அச்சு இருக்கும். 'விக்டோரியா காலத்துச் சரக்கு'ன்னு ஏவாரி எச்சா வெலை சொல்லுவான். அது ஆலை தொறந்த வருசம், மாப்ளே. அந்த ஆலை அம்பது வருசம் கழிச்சுச் சுட்ட ஓட்டுலயும் அதே அச்சுத்தான். நீ அசலூர்ல சம்பாரிச்சவன், தாராளமா ஏமாறலாம்.

சீமை ஓடு வர்றதுக்கு முன்ன நாட்டு ஓடுதான். பூனை ஓடுனாப் பிரியும், கொரங்கு வந்தாப் பறக்கும், வருசா வருசம் ஏறித் திருப்பணும். சீமை ஓட்டுக்கு அடியில மூக்கு இருக்கு, அது ரீப்பரைப் புடிச்சுக்கும். பக்கத்து ஓட்டை வரி புடிச்சுக்கும். பாலக்காட்டுக் கணவாயில ஆடிக் காத்து அடிச்சாலும் சட்டுனு பேராது. சந்து வழியா ஊட்டுச் சூடு வெளியேறிப் போயிரும். ஒண்ணு ஒடஞ்சா அதை மட்டும் உருவிப் போட்டு வேற மாட்டிக்கலாம். இருட்டா இருந்தா ஒரு கண்ணாடி ஓடு. இத்தனை சூட்சுமத்தையும் சிமெண்டுல பொதைச்சுப் போட்டு, உள்ள ஏசி மாட்டப் போற உன்ற புத்தியை நான் மெச்சறேன்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல்லுங்கற. போடு, குத்தமில்லை. கண்ணாடி மேல சாயச் சிமெண்டை ஊத்திச் செய்யற பொருளு, மிதிக்க மிதிக்கத்தான் மினுக்கும். சோபாவைப் போட்டு மறைச்சுப் போடாதே.

கெழவன் பேச்சைக் கேக்கறதா இருந்தா, முன்வாசலுக்காச்சும் காங்கிரீட் வேண்டாம். மரமோ இரும்போ சட்டம் போட்டு, ஓட்டைச் சும்மா மாட்டு. இடிக்கற எடத்துல வாங்கறப்போ ஒவ்வொண்ணாத் தட்டிப் பாரு. கணீர்னா எடு, சொத்துனு கேட்டா வெச்சுட்டு வா. ஒரே அச்சுச் சரக்கா எடு, ஒரு ஆலை ஓடு இன்னொரு ஆலை ஓட்டோட ஒழுங்கா மாட்டாது. அப்புறம் நூறு ஓடு எச்சா வாங்கி மாட்டுக் கொட்டாயில அடுக்கி வெய்யி, நாளைக்கு ஒடஞ்சா அந்த அச்சு கெடைக்காது.