கோழிக்கூண்டில் குடியேற்றம்

கேள்வி: வீட்டில் ஐந்து நாட்டுக்கோழி, ஒரு சேவல். சந்தையில் ஆறு வெடக்கோழி வாங்கி வந்து அன்றே உள்ளே விட்டேன். பழசுகள் துரத்தித் துரத்திக் கொத்துகின்றன. இவற்றுக்கு இரக்கமே கிடையாதா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: இரக்கம் இருக்கிறதோ இல்லையோ, வரிசை இருக்கிறது. யார் முதலில் தின்பது, யார் உச்சிக் கம்பில் அடைவது என்பதையெல்லாம் உங்கள் ஐந்தும் எப்போதோ கொத்தி முடிவு செய்துவிட்டன. இந்தக் கொத்து வரிசையைச் சிறுவயது முதலே கவனித்துக் குறித்து வந்தவர் நார்வேக்காரர் ஷெல்டெரப்-எப்பே. 1922-இல் அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார். நீங்கள் திடீரென்று ஆறு பேரை இறக்கியதால் பஞ்சாயத்தை முதலிலிருந்து கூட்ட வேண்டியதாகிவிட்டது.

கொத்து கிடக்கட்டும், சந்தைக்கோழியை அன்றே உள்ளே விட்டீர்களே, அதுதான் எனக்குப் பகீரென்றது. பார்க்கத் துறுதுறுவென்று இருக்கும் கோழிகூட வெள்ளைக்கழிச்சலைக் கூட்டி வரும். வந்தால் மொத்தக் கொட்டகையும் காலி. இப்போதே ஆறையும் பிரித்து, மூன்று நான்கு வாரம் கொல்லையின் மறுகோடியில் வையுங்கள். தீனித்தட்டும் தண்ணீர்க் கிண்ணமும் தனியாக இருக்கட்டும். தடுப்பூசிக்குப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

பிறகு கூட்டுக்குள் கம்பி வலை கட்டி, அந்தப் பக்கம் புதுசு, இந்தப் பக்கம் பழசு என்று ஒரு வாரம், பத்து நாள். வலையோரமாக இரு பக்கமும் தீனி போடுங்கள். முதல் நாள் பழசுகள் கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு வலையையே கொத்தும். போகப் போகச் சலித்துப்போய்த் தீனியைப் பார்க்கத் திரும்பிவிடும். அதுதான் வலையை எடுக்கும் நேரம்.

எடுத்த அன்று கூட்டில் அடைக்காமல் எல்லாவற்றையும் திறந்த கொல்லையில் மேயவிடுங்கள். தீனியும் தண்ணீரும் இரண்டு மூன்று இடத்தில் இருக்கட்டும். சுவரில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் துரத்தப்பட்டது பின்னால் போய் ஒளியும். முட்டுச்சந்து மட்டும் கூடாது. ஒளிந்த இடத்துக்கு மறுபக்கமும் வழி வேண்டும்.

கேள்வி: ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பில் ஏற்றிவிட்டால் காலையில் ஒன்றாகிவிடுமாமே?
- வாசகர், தாராபுரம்

பதில்: இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது. ஆகவே ராத்திரி அமைதிதான். விடிந்ததும் பக்கத்தில் இருப்பது யாரென்று தெரிந்துவிடுமே! வலை வழியாகப் பழகிய பிறகு என்றால் இந்த யுக்தி பலிக்கும். ஆனால் வெளுக்கும்போதே எழுந்து கூட்டைத் திறக்க வேண்டும். நீங்கள் காபி குடித்துவிட்டு வருவதற்குள் உள்ளே ரத்தக்களறி ஆகிவிடும்.

கேள்வி: ஒரே ஒரு குஞ்சை மட்டும் சேர்க்கலாமா?

பதில்: அத்தனை பேர் கொத்தையும் அது ஒன்றே வாங்கும். வேண்டாம்.

கேள்வி: என் அடைக்கோழி பொரித்த குஞ்சுகளுக்கும் இந்த வலை, பலகை எல்லாம் வேண்டுமா?
- வாசகி, மணப்பாறை

பதில்: எதற்கு? தாய் சிலிர்த்துக்கொண்டு நின்றால் சேவலே ஒதுங்கிப் போகும். பருந்துக்கும் பூனைக்கும் பயந்து பஞ்சாரம் போட்டுக் கவிழ்த்தால் போதும். இரண்டு மாதம் போல ஆனதும் அந்தத் தாயே கொத்தித் துரத்திவிடும். அதற்குள் குஞ்சுகளுக்கு ஊர் நடப்பு பிடிபட்டிருக்கும்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் முட்டைக்கோழித் தீவனத்தையே போடலாமா?

பதில்: அதில் சுண்ணாம்புச் சத்து மிக அதிகம். வளரும் கோழியின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனம் போட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டையிடுவது தேவைக்குக் கொத்திக்கொள்ளும்.

கேள்வி: ஒரு பழைய கோழி மட்டும் இரண்டு வாரமாகியும் அடங்கவில்லை. தலையில் கொத்திக் காயமாக்கிவிட்டது.

பதில்: காயம்பட்டதை உடனே பிரியுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றதும் கொத்தும். மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் போட்டு, ஆறியதும் விடுங்கள். ரவுடியையும் நான்கைந்து நாள் வேறிடத்தில் அடையுங்கள். திரும்பி வரும்போது பழைய தோரணை பாதி இறங்கியிருக்கும்.

கேள்வி: வெடை என்று வாங்கிய ஆறில் இரண்டு கூவ ஆரம்பித்துவிட்டன!
- மறுபடியும் அதே திண்டுக்கல் வாசகி

பதில்: பத்துக் கோழிக்கு ஒரு சேவல் தாராளம், அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒன்றைச் சொந்தக்காரர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். இன்னொன்றைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை பேசுவோம். மிளகு வீட்டில் இருக்கிறதல்லவா?