ஒற்றைக் குமிழ் இயல்

எலெக்ட்ரிக் கிட்டார்க்காரரின் காலடியில் கிடக்கும் பெட்டிகளுள் பூஸ்ட் பெடல் மிக எளியது. பெரும்பாலும் ஒரே குமிழ், ஒரே மிதிவிசை. சொந்த ஒலி கிடையாது. வருவதைப் பெருக்கி அனுப்புவதே தொழில். இதைப் பற்றி இத்தனை தர்க்கம் மூண்டது எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயப்படும்.

முதலில் தோற்றுவாய். 1960களின் நடுவில் இங்கிலாந்தின் டல்லாஸ் நிறுவனம் ரேஞ்ச்மாஸ்டர் என்றொரு பூஸ்டரை வெளியிட்டது. உள்ளே ஒரே ஒரு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர். வெயிலேறினால் குணம் மாறும் சாதி. அது மேல்சுரங்களை மட்டும் தூக்கிக் கொடுத்து, மந்தமாக முனகும் ஆம்புகளைக் கூர்மையாகப் பேசவைத்தது. கிட்டார்க்காரர்கள் ரோரி கேலகரும் டோனி அயோமியும் அதைக் கையாண்டார்கள். கவனிக்க: அது மிதிக்கும் பொருளன்று, ஆம்பின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. தலையிலிருந்து காலுக்கு இறங்கிய இந்தப் பெரும் வீழ்ச்சியை வரலாற்றாசிரியர் எவரும் பொருட்படுத்தாதது வருந்தத்தக்கது.

அடுத்தது நியூயார்க். 1960களின் இறுதியில் மைக் மேத்யூஸ் என்பவர் நாதத்தை நீட்டித்து ஒலிக்கவைக்கும் கருவி ஒன்றைச் செய்யும்படி பாப் மையர் என்ற பொறியாளரிடம் கேட்டார். கிட்டாரின் சிக்னல் போதாதென்று மையர் அந்தக் கருவியின் முன்னால் ஒரு சின்னப் பெருக்கியை ஒட்டிவைத்திருந்தார். மேத்யூஸ் அந்தச் சின்னதையே எல்.பி.பி.-1 என்று விற்கத் தொடங்கினார். தோழனாக வந்தவனுக்கே மாலை விழுந்த கல்யாணம் அது.

இனி இடவியல். இதில் முன்வைப்பார், பின்வைப்பார் என இரு சமயத்தார் உளர். ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடலுக்கு முன்னால் பூஸ்ட்டை வைத்தால் சத்தம் அவ்வளவாகக் கூடாது. அலையின் உச்சி ஏற்கெனவே வெட்டுப்படுவதால் கரகரப்புதான் கூடும். பின்னால் வைத்தால் கரகரப்பு அப்படியே இருக்க, சத்தம் எழும்பும். ஆம்ப் தெளிவாக ஒலிக்கும் வரைதான் இந்த வேற்றுமை. வால்வு ஆம்பின் முன்பெருக்கியை முழுக்க முறுக்கிவைத்திருப்பவருக்கு இரு சமயமும் ஒன்றே. அவர் முன்பெருக்கிக்குப் பின்னால் உள்ள எஃபெக்ட்ஸ் லூப்பில் செருகினால்தான் சோலோ வெளியே கேட்கும். சண்டையிடுவோரில் பெரும்பாலோர் தத்தம் ஆம்பின் நிலையைச் சொல்லாமலே சண்டையிடுகிறார்கள் என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

அளவையியல் சுருக்கமாக: 20 டெசிபல் என்றால் மின்னழுத்தம் பத்து மடங்கு, 26 என்றால் இருபது மடங்கு. எம்எக்ஸ்ஆர் மைக்ரோ ஆம்ப் என்ற பூஸ்ட் பெடல் 26 வரை தரும். சோலோவுக்கு 3 முதல் 6 போதும். மீதியெல்லாம் பாடகரோடு பகை வளர்க்கவே பயன்படும்.

இங்கே மறுதலை வாதி எழுந்து, "கிட்டாரிலேயே வால்யூம் குமிழ் இருக்கிறதே, ஏழில் வைத்து வாசித்து, சோலோவுக்குப் பத்துக்குத் திருப்பினால் காசு மிச்சமாயிற்றே?" என்பார். நல்ல கேள்வி. குமிழைக் குறைத்தால் பல கிட்டார்களில் மேல்சுரம் மங்கும். கையும் வேலையாக இருக்கும். ஆயினும் பெடல் வாங்குமுன் ஒரு வாரம் இப்படி வாசித்துப் பார்ப்பதில் நட்டமில்லை. வாங்கியபின் எவரும் பார்ப்பதில்லை.

முடிந்த முடிபு இது. இரண்டு ஒலிகளில் சற்றே உரத்ததைக் காது நல்லதென்று நம்பிவிடும். ஆகவே கடைச் சோதனையில் தோற்கவே முடியாத பெடல் பூஸ்ட் ஒன்றுதான். மிதித்ததும் உரத்து ஒலிக்கும், உரத்ததும் பிடித்துப்போகும், பிடித்ததும் பணம் எண்ணப்படும். இரண்டாம் கிட்டார்க்காரரும் ஒன்று வாங்கிவிட்டால் குழுவில் இருவருமே முன்போலவே கேட்கப்படாதவர் ஆவர். ஆதலின் வாங்க விரும்புவோர் பெடலை மிதித்தவுடன் ஆம்பின் சத்தத்தைக் குறைத்து, இரு நிலையையும் சமன்செய்து கேட்க. அப்போதும் பிடித்திருந்தால் வாங்குக. முடிந்தால் டிரம்மரையும் கடைக்கு அழைத்துச் செல்க.