புகையான் வளர்ப்பு: சம்பா விவசாயிக்குச் சில யோசனைகள்

நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியை அமோகமாக வளர்க்கத் தனித் திறமை எதுவும் வேண்டாம். பாதி வேலையை நீங்கள் ஏற்கெனவே செய்துவருகிறீர்கள். மீதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. நெருக்கி நடுங்கள். எட்டடிக்கு ஓரடி பட்டம் விடச் சொல்வார்கள். அந்த ஓரடியிலும் நாற்றை ஊன்றுங்கள். வெயிலும் காற்றும் தூரடிக்கு இறங்கவே கூடாது.

2. யூரியாவை அள்ளி வீசுங்கள். கருகருவென்று நிற்கும் பயிரைப் பக்கத்து வயல்காரர் பார்ப்பார், புகையானும் பார்க்கும்.

3. இலைச்சுருட்டுப் புழு நாலு இலையைச் சுருட்டியதுமே மருந்தடியுங்கள். இளம்பயிர் புதுத் தூர் விட்டுத் தானே தேறிவிடும். அந்த அவகாசத்தைக் கொடுத்துவிடாதீர்கள். சைபர்மெத்ரின் மாதிரி பைரித்ராய்டாகக் கேட்டு வாங்குங்கள். புகையானைப் பெருக்குவதில் பேர்போன வகை.

4. ஊர்வது, பறப்பது எல்லாமே பகை. இதுதான் முக்கியமான பாடம். தூரடியில் ஓடும் ஓநாய்ச் சிலந்தி புகையானைப் பிடித்துத் தின்றே பிழைக்கிறது. முதலில் அதை ஒழியுங்கள். (சிலந்தி பூச்சியே இல்லை என்பார் ஒருவர். அவருக்கு வேறு வேலையில்லை.) பொறிவண்டை மன்னித்தாலும் அதன் புழுவை விடாதீர்கள்: கறுத்து, சொரசொரவென்று, குட்டி முதலை போல இருக்கும். அந்த மூஞ்சியா நல்லது செய்யும்? பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சி புகையான் முட்டையை உறிஞ்சும். கதிர்நாவாய்ப்பூச்சி பால் பிடித்த நெல்மணியை உறிஞ்சும். டேங்கை முதுகில் மாட்டிய பிறகு இந்த வித்தியாசமெல்லாம் பார்க்க முடியுமா?

5. மேலாக, இலை மட்டும் நனைய அடியுங்கள். புகையான் கீழே, தண்ணீருக்குச் சற்று மேலே உட்கார்ந்திருக்கும். முட்டையோ இலையுறைக்குள் பத்திரம். குஞ்சு பொரித்து வரும்போது, பிடித்துத் தின்ன வயலில் ஆளிருக்காது.

6. எண்ணாதீர்கள். தூருக்கு ஒரு புகையான் வந்தால்தான் மருந்து. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கு. குனிந்து எண்ணினால் இடுப்பு வலிக்கும், மருந்துச் செலவும் மிச்சமாகித் தொலையும்.

7. 1986-இல் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோ, புகையான் தொல்லை தாங்காமல், நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளைத் தடைசெய்தார் என்று யாராவது ஆரம்பித்தால், "அது அந்த ஊரு மண்ணுங்க" என்று முடித்துவிடுங்கள்.

8. நடுவயலில் வட்டம் வட்டமாகத் தீய்ந்துவிட்டதா? வாழ்த்துகள்! ஒரு குத்தைப் பிடுங்கிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய், "இதவிடக் காரமா என்ன இருக்கு?" என்று கேளுங்கள். அடிக்கும்போது வரப்பு தாண்டியும் ரெண்டு வீச்சு விழட்டும். பக்கத்து வயலில் இன்னும் சிலந்தி இருக்கிறதாம்.