அப்பாரு வண்டியும் அப்புச்சி பழமையும்

கண்ணு, உங்கம்மா நேத்து ராத்திரி போன் பண்ணினா. "அப்பா, இவன் ஆறு மாசமா சம்பளத்தை முச்சூடும் அந்தப் பழைய இரும்புல கொட்டிட்டிருக்கான், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க"ன்னா. சொல்றேன். நீ கேக்க மாட்டேங்கற தைரியத்துலதான் சொல்றேன்.

உம்பட அப்பாரு 1974ல வாங்கின புல்லட்டை நீ பிரிச்சுப் பழையபடி பண்றதுல எனக்கு ரொம்பச் சந்தோசம். எங்க சம்பந்தியை உசுரோட இருக்கறப்ப ஒருத்தராலயும் திருத்த முடியலை, அவரு வண்டியையாவது திருத்த ஆள் வந்துச்சே. ஆனா போன நோம்பிக்கு வந்தப்ப ஒரு சொல்லை நீ பதினாலு தடவை சொன்னே. நான் வெரலை மடக்கி எண்ணிட்டிருந்தேன். 'ஃபேக்டரி ஒரிஜினல்'. சோறு போட்டப்பவும் அதுதான், கை கழுவினப்பவும் அதுதான். நம்ம பக்கம் பேச்சுக்கே 'பழமை'ன்னுதான் பேரு. பழைய வண்டி என்ன பழமை பேசுதுன்னு கேக்கோணும்னா சித்தெ உக்காரோணும் சாமி. நீ உக்காரவே மாட்டேங்கறே, ஸ்பேனரைத் தூக்கிட்டு ஓடறே.

ஃபேக்டரி ஃபேக்டரிங்கறியே, எந்த ஃபேக்டரி? புல்லட்டுக்குப் பொறந்த வீடு இங்கிலாந்துல ரெட்டிச்சுங்கற ஊரு. பட்டாளத்துக்கு வாங்கின வண்டி நல்லா ஒழைச்சுதுன்னு, 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸ்காரங்களோட கூட்டுச் சேந்து என்ஃபீல்டு இந்தியான்னு கம்பெனி ஆரம்பிச்சாங்க. திருவொற்றியூர்ல ஆலை. மொதல்ல அங்கிருந்து வந்த சாமானை இங்க பூட்டினாங்க, அப்பறம் அச்சு, டை எல்லாத்தையும் வாங்கி, 1962 வாக்குல எல்லாப் பாகத்தையும் இங்கயே அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. 1967ல ரெட்டிச்சு ஆலையை மூடியாச்சு. உங்க அப்பாரு வண்டி வாங்கறப்ப புல்லட்டுக்குப் பொறந்த வீடே இல்லை, புகுந்த வீடு மட்டுந்தான். மூணு வருசம் கழிச்சு, 1977ல, நம்ம திருவொற்றியூர் வண்டி கப்பலேறி இங்கிலாந்துக்கே விக்கப் போச்சு. நீ என்னடான்னா பவுனுக்குப் பவுன் கணக்குப் பாத்து அங்கிருந்து ரப்பர் வாங்கறே. பார்சலைப் பிரிச்சப்ப கவர்ல 'மேட் இன் இந்தியா'ன்னு இருந்துச்சாமே. உங்கம்மா சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. மெட்ராஸ்ல பொறந்த புள்ளைக்கு லண்டன்ல சீர் வாங்கினா அது ஒரிஜினல் ஆகிருமா?

அடுத்தது அந்த டேங்கு. நீ பெயின்டர்கிட்ட ஸ்கேலை வெச்சு நின்னேன்னு கேள்விப்பட்டேன். தங்கக் கோடு எடது பக்கம் ஒரு மில்லி எச்சாப் போச்சுன்னு அழிச்சுப் போடச் சொன்னியாமே. கண்ணு, அந்தக் கோடு ஆலையில மெசின் போட்டது இல்லை. ஒரு மனுசன் பிரஷ்ல பெயின்டைத் தொட்டு, மூச்சைப் புடிச்சுட்டு, டேங்கு வளைவுக்குக் கையை வளைச்சு ஒரே இழுப்புல இழுத்தது. கோலம் போடற பொம்பளைகளைப் பாத்திருக்கியா? புள்ளி பெசகாது, ஆனா ஒரு இழை இன்னொரு இழை மாதிரி இருக்காது. அங்கயும் அப்பிடித்தான், ஒரு டேங்குக்கும் இன்னொரு டேங்குக்கும் மயிரிழை மாறும். நீ கம்ப்யூட்டர்ல அளவெடுத்து ஸ்டிக்கர் வெட்டி ஒட்டினா கோடு நேரா இருக்கும், நானும் ஒத்துக்கறேன். ஆனா ஆலையில இருந்து அப்பிடி ஒரு வண்டி வெளிய வரவே இல்லை. நீ தேடற ஒரிஜினல் அந்தக் கை நடுக்கத்துலதான் இருக்கு, அதைத்தான் நீ அழிக்கச் சொல்லிட்டே.

குரோமும் அப்பிடித்தான். ஆலைக்காரன் பெயின்ட் அடிச்சு வுட்ட எடத்துக்கெல்லாம் நீ முலாம் பூசிட்டிருக்கே. கிச்சன்ல எவர்சில்வர் பாத்திரம் கம்மியாயிருச்சா?

சரி, திட்டினது போதும். உருப்படியா நாலு வார்த்தை சொல்றேன்.

அந்த வண்டியோட மரை நம்ம மில்லிமீட்டர் மரை இல்லை, இங்கிலீஷ்காரன் மரை. அதுக்கான ஸ்பேனர்ல 'கால் இஞ்சு'ன்னு எழுதியிருக்கும், வாயை அளந்தா அரை இஞ்சுக்கு மேல இருக்கும். ஏன்னா அது போல்ட்டோட தடிமனைச் சொல்லுது, தலையோட அகலத்தைச் சொல்லலை. இது தெரியாம எத்தனையோ பேரு கெடைச்ச போல்ட்டை சுத்தியல்ல அடிச்சு எறக்கி, வண்டிக்கும் மரை கழண்டு, அவிங்களுக்கும் மரை கழண்டு போச்சு. நீ கழட்டறப்பவே போட்டோ எடுத்து, ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனிக் கவர்ல போட்டுப் பேர் எழுதி வெய்யி. எறுகிப் போனதை முறுக்காதே. டீசலை ஊத்தி நாலு நாள் வுட்டுட்டுப் போயிரு. கோவிச்சுட்டுப் போன மருமகனைக் கூப்புடற மாதிரி பொறுமையா இருந்தா தானா வரும். துருப்புடிச்ச பழைய பாகத்தைத் தூக்கிப் போட்றாதே. புதுசு செய்யறவனுக்கு அதுதான் அளவு.

அப்பறம், சேஸை மணல் அடிச்சுச் சுத்தம் பண்ணக் குடுக்கறேன்னியே, நம்பர் அடிச்ச எடத்துல டேப்பைச் சுத்திக் குடு. திருப்பணி பண்றேன்னு கோயில் கல்லுல மணலைப் பீச்சி அடிச்சு, கல்வெட்டையெல்லாம் வழிச்சு எடுத்த புண்ணியவானுக நம்ம நாட்டுல உண்டு. அதே புண்ணியத்தை நீயும் கட்டிக்காதே. சேஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்சி புக்கோட ஒத்து வரலைன்னா, மிச்சமெல்லாம் எவ்வளவு பளபளப்பா இருந்தும் பிரயோசனமில்லை.

இன்ஜின் பழமையைக் கேளு. போர் 70 மில்லி, ஸ்ட்ரோக் 90 மில்லி, பெருக்கிப் பாத்தா 346 சிசி. உங்க அப்பாரு அந்த போரை மூணு தடவை கடைஞ்சாரு. ஒவ்வொரு தடவையும் லேத்துக்காரன்கிட்டக் காலணாவுக்குப் பேரம் பேசுவாரு. இஞ்சுல ஆயிரத்துல இருவது பங்கு, நாப்பது பங்கு, அறுவது பங்குன்னு ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டாச்சு. அறுவது சைஸுல கணக்குப் போட்டா 361 சிசி வருது. உன்ற ஒரிஜினல் முன்னூத்தம்பதே பதினஞ்சு சிசி ஊதிப் போயிருக்கு. இனிமே கடைய எடமில்லை, ஸ்லீவ் போட்டுத்தான் பழைய அளவுக்குக் கொண்டாரோணும். அதைச் செய்யி, அது நல்ல செலவு. வெளிய யாரும் பாக்க மாட்டாங்க, அதனாலதான் சொல்றேன்.

இப்ப அந்தக் கொக்கி.

வலது பக்கம் சேஸுல ஒரு இரும்புக் கொக்கி தொங்குதே, அசிங்கமா இருக்குது, கிரைண்டர் வெச்சு அறுக்கப் போறேன்னு சொன்னியே. அதை அறுக்கறதுக்கு முன்னால ஒருக்கா கிட்டப் போயி குனிஞ்சு பாரு. கொக்கியோட உள்வளைவு ஒரு வெரல் அகலத்துக்குத் தேஞ்சு, காசு மாதிரி மினுங்கும். பதினெட்டு வருசம் வெடியால நாலரை மணிக்கு அதுல பால் கேன் தொங்கி ஆடி ஆடித் தேஞ்சது. அந்தக் கேன்தான் உங்கய்யனுக்குக் காலேஜ் ஃபீஸு. எடது பக்கமும் ஒரு கேன் தொங்கும், அதுக்குக் கொக்கி கூடக் கெடையாது, சீட்டுக்குக் குறுக்க தாம்புக்கயிறு. வலது கால்ல கியர் மாத்தோணும், கேன் இடிக்கும். அதனால கேன் பக்கம் காலை ஒருக்களிச்சு வெச்சு மாத்தி மாத்திப் பழகி, கடைசில வண்டி இல்லாம நடக்கறப்பக்கூட மனுசன் வலது காலை ஒரு தினுசா வீசித்தான் நடந்தாரு. எங்கூட்டுக்குப் பொண்ணு கேக்க வந்தப்ப, "காலு ஊனமா"ன்னு உங்க அம்முச்சி என்னையக் கிள்ளிக் கேட்டா. 'இல்லை, புல்லட்டு'ன்னேன்.

ஆலையில அந்தக் கொக்கி கெடையாது. நீ சொல்றது சரிதான். எடுக்கோணும்னா எடு, ஆனா அறுக்காதே. அது வெல்டிங்கே இல்லை, போல்ட்டு. வெல்டிங்குக்குக் காசு குடுக்க எங்க சம்பந்திக்கு மனசு வருமா? ரெண்டு போல்ட்டைக் கழட்டினா கையோட வந்துரும். துணியில சுத்தி, 'பால் கேன் கொக்கி'ன்னு எழுதி வெய்யி. நாளைக்கு உன்ற மகன் வந்து, பூட்டன் காலத்துல எப்பிடி இருந்துச்சோ அப்பிடிப் பண்றேன்னு நிப்பான். அவனுக்கு அதுதான் ஒரிஜினல்.

நம்ம பக்கத்துக் கலங்கல்ல பொறந்த ஜி.டி. நாயுடு தெரியுமில்ல? வெள்ளைக்கார அதிகாரி ஒருத்தர் ஓட்டிட்டு வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பாத்துச் சொக்கிப் போயி, ஓட்டல்ல வேலை செஞ்சு காசு சேத்து அதையே வாங்கினாரு. வாங்கினதும் என்ன பண்ணினாரு? கழட்டினாரு, திருப்பி மாட்டினாரு. அது எப்பிடி ஓடுதுன்னு தெரிஞ்சுக்கறதுக்காகக் கழட்டினாரு. நீ எதுக்குக் கழட்டினேன்னு எனக்குத் தெரியும். மடியில கார்பரேட்டரை வெச்சுட்டு நீ எடுத்த போட்டோவை உங்கம்மா காட்டினா. நல்லாத்தான் இருந்துச்சு, முழியில மட்டும் ஒண்ணுந் தெரியலை.

கவர்மென்டு சட்டமும் ஒண்ணு வந்திருக்கு. 2021ல போட்டது. அம்பது வருசம் தாண்டின வண்டியை, சேஸ், பாடி, இன்ஜின்ல பெருசா மாத்தாம வெச்சிருந்தா, 'வின்டேஜ்'னு பதிஞ்சுக்கலாம். புதுசாப் பதியறதுக்கு இருவதாயிரம், பத்து வருசத்துக்கு. ஏற்கெனவே நம்பர் இருந்தா பழைய நம்பரையே வெச்சுக்கலாம். உன்ற வண்டிக்கு வயசும் ஆச்சு. ஆனா சட்டத்தை முழுசாப் படி. அப்பிடிப் பதிஞ்ச வண்டியைத் தெனமும் ரோட்டுல ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கு, ஊர்வலத்துக்கு, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னு இப்பிடிச் சிலதுக்கு மட்டும் எடுக்கலாம். அதாவது வயசானவனை மாலை போட்டு ஆசாரத்துல உக்கார வெச்சு, 'சந்தைக்கெல்லாம் போகாதீங்க'ங்கறது. எனக்கும் இங்க அதேதான் நடக்குது. அதனால வண்டிக்குப் பரிஞ்சு பேசறேன்னு நெனைச்சுக்காதே.

கடைசியா ஸ்டார்ட்டிங் விசயம். மெக்கானிக்கிட்டப் போயி, 'உள்ளுக்குள்ள எலக்ட்ரானிக் இக்னிஷன் வெச்சா வெளிய தெரியாதுல்ல'ன்னு ரகசியமாக் கேட்டியாமே. ஏங்கண்ணு, கோட்டுக்கு ஸ்கேல் வெச்சு நின்ன ஆளா நீயி? தெரியலைன்னா கேளு. சாவியைப் போட்டதும் ஹெட்லைட் மேல இருக்கற அம்மீட்டரைப் பாரு, முள்ளு கழித்தல் பக்கம் சாஞ்சு நிக்கும். எடது கையில டிகம்ப்ரஷன் லீவரைப் புடிச்சுட்டு, கிக்கரை மெள்ள, தூங்கற கொழந்தை மேல போர்வை போத்தற மாதிரி அமுத்து. ஒரு எடத்துல முள்ளு நடுவுக்கு வந்து நிக்கும். லீவரை வுட்று. கிக்கரை மேல வரவுட்டு, மொத்த ஒடம்பையும் போட்டு ஒரே மிதி. முள்ளைப் பாக்காம மிதிச்சியோ, கிக்கர் திருப்பி எகிறிக் கெண்டைக்காலைப் பேத்துரும். எனக்குப் பேத்திருக்கு. உங்க அப்பாரு திண்ணையில உக்காந்துட்டு, "சம்பந்திக்கு முள்ளு தெரியலையோ"ன்னு எல்லார் முன்னாலயும் கேட்டாரு.

பிரேக்குக்கு மட்டும் ஒரிஜினல் பாக்காதே. லைனிங் புதுசா, நல்லதாப் போடு. பழைய ட்ரம் பிரேக் நிக்கறதுக்கு முன்னால ரோசனை பண்ணும்.

அப்பறம், டூல் பாக்ஸ் மூடி கெடைக்கலைன்னு உக்கடம் முச்சூடும் அலைஞ்சுட்டு, மெட்ராஸ் புதுப்பேட்டைக்கும் ஒரு நடை போயிட்டு வந்தியாம். எவனோ டூப்ளிகேட்டைக் காட்டி யானை வெல சொன்னானாம். அலையாதே சாமி. உங்க அப்பாரு என்னையக் கேலி பண்ணின அன்னைக்கு, திரும்பிப் போற வழியில நம்ம சாளை மேட்டுலதான் அது கழண்டு விழுந்துச்சு. மறுநாள் டார்ச்சைப் புடிச்சுட்டு வந்து தேடினாரு, நானும் கூடவே தேடினேன். இப்பப் பொடக்காளியில கோழிக்குஞ்சுகளுக்குத் தண்ணி வெக்கற தட்டா இருக்கு. திருகு போற ஓட்டையை எம்-சீல் வெச்சு அடைச்சிருக்கேன், அதை மட்டும் சுரண்டி எடுத்துக்க. பெயின்ட் பாதிக்கு மேல அப்பிடியே இருக்கு, ஓரத்துல ஒரு தங்கக் கோடு மாதிரி கூடத் தெரியுது. ஞாயித்துக்கெழமை வா. வரப்ப குஞ்சுகளுக்கு வேற ஒரு தட்டு வாங்கிட்டு வா.