வெறுங்கையோடு வாருங்கள்

குழந்தையையும் பெரியவரையும் தெய்வத்தையும் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்பார்கள் நம் வீட்டில். எங்கள் சிறுவயதில் பினாங்குத் தண்ணீர்மலைக் குரங்குகளும் அந்த வரிசையில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை அங்குள்ள தாவரவியல் பூங்காவுக்குப் போனால், கச்சாங் பொட்டலம் கையில் இல்லாமல் உள்ளே நுழைய மாட்டோம். நீள்வால் குரங்குகள் எங்கள் விரல்களிலிருந்தே கடலையை எடுத்துத் தின்னும். விலங்குகள்மீது எனக்கு வந்த ஆசை அந்தத் தொடுதலில் பிறந்ததுதான்.

1884-இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ், பழைய கருங்கல் குவாரி ஒன்றில் உருவாக்கத் தொடங்கிய பூங்கா அது. மலைக்காடு அதன் மதில்வரை இறங்கி வந்திருக்கும். அப்பா நாகலிங்க மரத்தடியில் நின்று, உதிர்ந்த பூவை எடுத்துப் பிரித்துக் காட்டுவார். பள்ளியில் காடு என்றால் கரும்பலகையில் எழுதிப்போட்ட பத்து வாக்கியங்கள்தான். பூவும் குரங்கும் மலையும் எங்களுக்குப் பாடமாகவே படவில்லை.

இன்று அதே பூங்காவுக்குத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வருகிறேன். வாசலிலேயே ஒரு கட்டளை: தின்பண்டம் பைக்குள் போக வேண்டும், ஜிப்பை இழுத்து மூட வேண்டும். குரங்குக்கு உணவு கொடுக்க இப்போது தடை. மனிதக் கையைப் பார்த்துப் பழகிய குரங்கு பிளாஸ்டிக் பையைப் பார்த்தாலே பாயும், பறிக்கும், சில நேரம் கடிக்கும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட லோத்தோங் குரங்கின் கதை வேறு. இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கும் அறைகள் கொண்ட வயிறு அதற்கு. ரொட்டியும் இனிப்பும் அந்த வயிற்றைக் கெடுத்துவிடும்.

கொடுப்பதை நிறுத்தியபின் பார்ப்பது தொடங்குகிறது. மரத்தடியில் பிள்ளைகளைப் பேசாமல் உட்கார வைப்பேன். ஒருமுறை, ஆரஞ்சு நிறக் குட்டியோடு லோத்தோங் கூட்டம் ஒன்று மேலே வந்தது. குட்டி ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்கு மாறிக்கொண்டே இருந்தது. "எங்க சின்னம்மா தம்பியைத் தூக்குற மாதிரி இருக்கு டீச்சர்" என்றாள் ஒரு சிறுமி. பெற்றவள் மேயும்போது மற்றப் பெண் குரங்குகள் குட்டியை வாங்கிப் பார்த்துக்கொள்ளும் என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்று கிளைக்குக் கிளை கைகோத்துக் கிடந்த காட்டை இன்று சாலைகளும் அடுக்குமாடிகளும் துண்டாக்கியிருக்கின்றன. மறுபுறம் போக லோத்தோங்குகள் மின்கம்பியில் தொங்குகின்றன. சாலையில் இறங்கி வண்டியில் அடிபடுகின்றன. 2016-இல் யாப் ஜோ லீன் தொடங்கிய லங்கூர் புரொஜெக்ட் பினாங்கு குழு, 2019-இல் தெலுக் பஹாங் சாலைக்கு மேலே பாலம் ஒன்றைக் கட்டியது. பழைய தீயணைப்புக் குழாய்களால் ஆன பாலம். குரங்குகள் அதில் நடந்து கடக்கின்றன என்று சொன்னால் பிள்ளைகளின் கண்கள் விரிகின்றன. 2021-இல் பினாங்கின் கொடிமலை யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமானது. அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டியவர்கள் இந்தப் பிள்ளைகள்தான்.

பெற்றோரிடம் நான் கேட்பது ஒரு காலைப்பொழுது. வெயில் ஏறுமுன் வாருங்கள். கைப்பேசியைப் பைக்குள் வையுங்கள். பிள்ளை கேட்பதற்குப் பதில் தெரியாவிட்டால் சேர்ந்து நின்று பாருங்கள். நாளை இத்தீவில் சாலைக்கான வரைபடத்தை விரித்து உட்காரப்போவது இவர்களில் ஒருவர். எந்த இரண்டு மரங்களின் கிளைகள் ஒன்றையொன்று தொடுகின்றன என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.