பெரியப்பா பொரித்த முட்டை

தினம் ஐந்து கிலோமீட்டர் நடக்கச் சொன்னார் டாக்டர். சர்க்கரை. பயபக்தியோடு தலையாட்டிவிட்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்தேன்.

அக்கா மகன்தான் வழி சொன்னான். "மாமா, உங்களுக்கெல்லாம் வாக்கிங் சரிப்படாது. போக்கிமான் கோ ஏத்தித் தர்றேன். விளையாட்டுப் போக்குல நடந்துடுவீங்க."

2016 ஜூலையில் வெளிநாட்டு ஜனங்களைத் தெருத் தெருவாக ஓடவிட்டு, அந்த டிசம்பரிலேயே ஜியோவின் கையைப் பிடித்துக்கொண்டு இந்தியாவுக்குள் வந்த ஆட்டம் அது. நாம் நிற்கும் தெரு போனில் வரைபடமாக விரியும். நாம் நடந்தால் உள்ளே ஒரு பொம்மையும் நடக்கும். எதிர்ப்படும் ஜந்துவைப் பந்தெறிந்து பிடிக்கவேண்டும். கேமராவைத் திறந்தால் அது நம் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கும்.

உப்பிலியபுரத்தில் அநேகமாக எதுவும் உட்காரவில்லை. பச்சையாக ஒரு பரப்பு, நடுவே ரோட்டுக்கு ஒரு கோடு, அதில் நான். விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. இந்த ஆட்டத்தை உருவாக்கிய நியாண்டிக் கம்பெனிக்கு இங்க்ரெஸ் என்று ஒரு மூத்த பிள்ளை உண்டு. அதை ஆடியவர்கள் படமெடுத்து அனுப்பிய கோயில், சிலை, நினைவுச்சின்னங்கள்தான் இதில் போக்கிஸ்டாப்புகளாக ஆனவை. பந்தும் முட்டையும் கிடைப்பது அங்கேதான். பச்சமலைக்கும் கொல்லிமலைக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு எங்கள் ஊரில் எவன் இங்க்ரெஸ் ஆடினான்? புது இடம் சேர்க்க மனுப் போடலாம், ஆனால் ஆட்டத்தில் உயரத்துக்கு ஏறியிருக்கவேண்டும். நான் ஐந்தாம் நிலை. அதுவும் ஆட்டத்துக்குள்ளேயே ஓர் ஊதுபத்தி உண்டு, கொளுத்தினால் ஜந்துக்கள் தாமே தேடிவரும். திண்ணையில் கொளுத்திவைத்து ஏறியது.

முட்டைக்காக ஸ்ரீரங்கம் போனேன். புரட்டாசிச் சனிக்கிழமை என்பதால் வீட்டில் சந்தேகம் வரவில்லை. "நீ போய்ச் சேவிச்சுட்டு வா, நான் செருப்பைப் பாத்துக்கறேன்" என்றேன். ஏழு பிராகாரம், 21 கோபுரம். படமெடுக்க இத்தனை இருக்கிற ஊரில் போக்கிஸ்டாப்புக்கா பஞ்சம்? சித்திரை வீதியில் தெற்கே ஒன்று, திரும்பினால் இன்னொன்று. ஆட்டத்துப் பையில் ஒன்பது முட்டைதான் கொள்ளும், ஒன்பதும் நிரம்பியது. கோயில்களில் முட்டை வைத்து மனதைப் புண்படுத்துகிறார்கள் என்று 2016இல் குஜராத் உயர் நீதிமன்றத்தில் இந்த ஆட்டத்தின் மேல் வழக்கே போட்டார்கள். புரட்டாசியில் வீட்டுக்குள் முட்டை வாசமே கூடாது என்பவளின் புருஷன், பெருமாள் வாசலில் ஒன்பது முட்டையோடு நின்றேன். திரும்பி வந்தபோது செருப்பு இரண்டு ஜோடியும் இல்லை. பன்னிரண்டு மணி வெயிலில் ராஜகோபுரம் வரை அவள் வெறுங்காலோடு நடந்தாள். பேசவில்லை.

முட்டையை அடைவைத்தால் மட்டும் போதாது, பொரிய நடக்கவேண்டும். வேகம் மணிக்குப் பத்துக் கிலோமீட்டரைத் தாண்டினால் தூரம் கணக்கில் ஏறாது. பஸ் உதவாது. டிவிஎஸ் எக்ஸ்எல்லை நத்தை மாதிரி துறையூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். பின்னால் வந்த இரண்டு பையன்கள் பைக்கை நிறுத்தி, "பெட்ரோல் இல்லையாண்ணே?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் காலால் உதைத்துத் தள்ளிக்கொண்டே ஊர் எல்லை வரை கொண்டுபோய் விட்டார்கள். முப்பது கிலோமீட்டர் வேகம். ஒரு மீட்டர்கூட ஏறவில்லை.

அப்போதுதான் பெரியப்பா கண்ணில் பட்டார். ஆடு மேய்க்கிறவர். விடிந்ததும் மலையடிவாரத்துக்குப் போனால் பொழுது சாயத்தான் திரும்புவார். ஆட்டம் மூடியிருந்தாலும் போன் நடையை எண்ணிக்கொள்ளும் வசதி 2018 கடைசியிலேயே வந்துவிட்டது. "பெரியப்பா, இது மடியிலயே இருக்கட்டும். எடுக்க வேணாம்." வெற்றிலைப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டார். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை.

சாயந்திரம் போனில் சுண்ணாம்பு. துடைத்துத் திறந்தேன். 14 கிலோமீட்டர்! முட்டை ஆடியது, விரிந்தது. வந்தது மாரீப். மஞ்சள் கம்பளி, நீல முகம், வால் நுனியில் குண்டு பல்பு.

பெரியப்பா போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். "செம்மறிக் குட்டிடா இது. முட்டையிலேர்ந்தா வந்துச்சு?"

"ஆமா பெரியப்பா."

"தாய் ஆடு எங்க?"

என்ன சொல்வது? மறுநாள் காலையில் அவரே வந்து போனுக்குக் கை நீட்டினார். மூன்று மாதம் இப்படியே போனது. ஒன்பதும் பொரிந்தன, அப்புறமும் எத்தனையோ.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது போனில் இருந்த நடைக் கணக்கைப் பெருமையாக நீட்டினேன். டாக்டர் அதைப் பார்த்தார், ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார்.

"இவ்வளவு நடந்துமா சர்க்கரை ஏறுது? அப்ப மாத்திரை பத்தலை."

ஒரு வேளையை இரண்டு வேளையாக்கி எழுதினார். பெரியப்பாவைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம். சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். மருந்துக்கடை எதிர்வாடைதான். வண்டியை ஸ்டார்ட் செய்தேன்.