சிரிப்பையே பெயராகக் கொண்டவர்

கேள்வி: பேரனுக்கு ஐசக் என்று பெயர் வைத்திருக்கிறோம். அதற்கு என்ன பொருள்?

பதில்: வாழ்த்துகள்! உங்கள் வீட்டில் சிரிப்புக்கே தொட்டில் கட்டியிருக்கிறீர்கள். எபிரேய மொழியில் அது ‘யிட்ஸ்ஹாக்’. ‘அவன் சிரிக்கிறான்’ என்று பொருள். பெயர்ச்சொல்கூட இல்லை, முழு வினைமுற்று! தமிழ் வேதாகமத்தில் ஈசாக்கு, அரபியில் இஸ்ஹாக்.

ஆதியாகமத்தில் இந்தச் சிரிப்பு எத்தனை விதமாக வருகிறது, பாருங்கள். மகன் பிறப்பான் என்றதும் ஆபிரகாம் குப்புற விழுந்து சிரிக்கிறார். நூறு வயதில் பிள்ளையா என்ற திகைப்பு. 90 வயதை எட்டும் அவர் மனைவி சாராள் கூடாரத்துக்குள் தனக்குள்ளே சிரிக்கிறாள். சாராள் ஏன் சிரித்தாள் என்று கடவுள் கேட்டால், பயத்தில் ‘சிரிக்கவில்லை’ என்று சாதிக்கிறாள். பிள்ளை பிறந்த பிறகோ, கடவுள் என்னைச் சிரிக்க வைத்தார், கேட்பவர்களும் சிரிப்பார்கள் என்று அவளே ஊரறியச் சொல்கிறாள். நம்பாத சிரிப்பு மகிழ்ச்சிச் சிரிப்பாக மாறிய அந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இன்னொன்று: ஆபிராம் ஆபிரகாம் ஆனார், ஈசாக்கின் மகன் யாக்கோபு இஸ்ரவேல் ஆனார். நடுவில் ஈசாக்குக்கு மட்டும் பெயர் மாறவில்லை. பிறப்பதற்கு முன்பே கடவுள் வைத்த பெயராயிற்றே!

விஞ்ஞானி ஐசக் நியூட்டனுக்கு இது அப்பாவின் பெயர். மகன் பிறப்பதற்குச் சுமார் மூன்று மாதம் முன்பு, 1642-இல் அவர் இறந்துவிட்டார். துக்க வீட்டில் பிறந்த குழந்தைக்கும் சிரிப்பே பெயராயிற்று.

பேரன் பொக்கைவாய் திறந்து சிரிக்கும்போது இந்தக் கதையைச் சொல்லுங்கள். புரியாவிட்டாலும் சிரிப்பான்.